பாரோவா, லெண்டா?

கோரிங்: கப்பல் சமையல்காரரே, மறுபடி சொல்லு. பக்கத்துக் கப்பல்ல உப்பு கடனா வாங்கணும். பாரோவா, லெண்டா?

பெனித்தோ: லெண்டு.

கோரிங்: அது நாம குடுக்கறது. வாங்கறது பாரோ.

பெனித்தோ: உப்புதானே... கையை நீட்டினா குடுத்துடுவான்.

கோரிங்: இங்கிலீஷ் தேர்வுல கையை நீட்ட முடியாது. பாஸானாத்தான் ஒன்பது மாசம் கப்பல்.

பெனித்தோ: தெரியும்... கருவாட்டை இந்தப் பக்கம் தள்ளு.

கோரிங்: பதில் சொல்லு, தள்றேன். கேப்டன் ரூமுக்குக் காபி போகணும். பிரிங்கா, டேக்கா?

பெனித்தோ: பிரிங்.

கோரிங்: இங்க வந்தா பிரிங். அங்க போனா டேக்!

பெனித்தோ: எப்படியும் காபி ஆறிடும்.

கோரிங்: போன வருஷம் நம்ம பொண்ணுக்கு இதைப் பாட்டாவே பாடிச் சொல்லிக் குடுத்தது யாரு?

பெனித்தோ: வயசாகுது, கோரிங்...

கோரிங்: நாற்பத்தி ரெண்டு. கடைசிக் கேள்வி. டிசம்பர் பத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். டில் போடணுமா, பை போடணுமா?

பெனித்தோ: டில்.

கோரிங்: டில் போட்டா பத்தாம் தேதி வரைக்கும் வந்துக்கிட்டே இருப்ப!

பெனித்தோ: எந்த டிசம்பர்ல வீட்டுக்கு வந்தேன்? எனக்கு எப்படித் தெரியும்...

கோரிங்: இந்தா, கருவாடு.

பெனித்தோ: ஜீப்னி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான். கிளம்பறேன்.

கோரிங்: பாதிச் சோறு இருக்கே.

பெனித்தோ: எட்டு மணிக்குத் தேர்வு. என்ன பார்த்துக்கிட்டு இருக்க? உன் தட்டைத் திருப்பு.

கோரிங்: எதுக்கு?

பெனித்தோ: எதுக்கா? பாதிச் சாப்பாட்டுல ஒருத்தன் பயணம் கிளம்பினா, உட்கார்ந்திருக்கறவங்க தட்டைத் திருப்பி வைக்கணும். அப்பத்தான் பத்திரமாப் போய்ச் சேருவான். எப்பவும் நீதானே முதல்ல திருப்புவ...

கோரிங்: அது பயணம் போறவங்களுக்கு. லா பாஸ் சந்தைக்குப் போறவங்களுக்கு இல்ல.

பெனித்தோ: ...யாரு சந்தைக்கு?

கோரிங்: மூணு வாரமா உன் சட்டையில எலும்புச் சாறு வாசனை. இங்கிலீஷ் வகுப்புல நூடுல்ஸா கொதிக்க வைக்கறாங்க?

பெனித்தோ: அது வந்து...

கோரிங்: சட்டைப் பையில கப்பல் கம்பெனிக் கடிதம் வேற. நான் எடுக்கலைன்னா சோப்புத் தண்ணியில போயிருக்கும். தேர்வை எப்பவோ எழுதி முடிச்சிருக்க, தொண்ணூத்தாறு மார்க்!

பெனித்தோ: ...கப்பலுக்கு வரலைன்னு சொல்லிட்டேன், கோரிங். ஃபெயிலுன்னு உன்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். புருஷன் கப்பல்லன்னு தெரு பூராச் சொல்லி வச்சிருக்கியே... சந்தையில சின்னதா ஒரு நூடுல்ஸ் கடை. ஆறு பேர் உட்காரலாம்.

கோரிங்: சாறு நல்லா வருதா?

பெனித்தோ: வருது... இரு, எல்லாம் தெரிஞ்சுமா மூணு வாரமாக் கேள்வி கேட்டுக் கொன்ன?

கோரிங்: கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல, தினமும் காலையில நீ என் எதிர்ல உட்கார்ந்து பேசினது இந்த மூணு வாரம்தான். நான் ஏன் அதைக் கெடுத்துக்கணும்? உட்காரு, சோறு ஆறுது.