நாற்பது நிமிட டவுன்டைம்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்து வீரபாண்டியைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மில் சீருடையில் இருந்தவள் மடியில் மொச்சைக்காய்ப் பையை வைத்து உரித்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னிக்கு நாப்பது நிமிசம் டவுன்டைம்க்கா. இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

"அப்பிடின்னா என்னத்தா?" என்றாள் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய் வரும் மற்றவள்.

"மிசினு ஓடாம நிக்கிற நேரம்."

"மிசினு நின்னா நீ செத்த உக்காரலாம்ல? இடுப்பு ஏன் ஒடியுது?"

எனக்கும் அதே சந்தேகம்தான். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அது நிக்கிறப்பத்தானக்கா அடியில குனிஞ்சு பஞ்சுத் தூசியக் கூட்ட முடியும்? ஓடுறப்பக் கைய விட்டா கை போயிரும்."

"அப்ப அந்த நாப்பது நிமிசம்?"

"எம்புட்டு நேரம் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு நோட்டுல எழுதுவாக."

"ஒனக்கும் எழுதுவாகளா?"

"நான் எங்கக்கா நின்னேன்?"

சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்து உரித்தாள். தோட்டக்காரப் பெண் அந்தப் பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"குடு இங்கன. சின்னமனூர் வர்ற வரைக்கும் ஒனக்கு டவுன்டைம்."