பிரதம விருந்தினரின் பொன்னாடை

பிறர் பேச்சுக்குச் செவிகொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும், தேர்தலுக்கு முந்திய வாரம் குறொன்லாண்ட் சுரங்க நிலையத்தில் ரயிலேறி எனக்கெதிரே அமர்ந்த இரு தமிழ்ப் பெண்மணிகளுள் மூத்தவர் கூறிய முதல் வாக்கியமே என்னை நாளிதழைத் தாழ்த்தச் செய்தது.

“என்ரை மகன் ஒரு பெடியனைக் கட்டப்போறான். அப்பிடிக் கட்டலாமெண்ட சட்டம் வேண்டாமெண்டு பாராளுமன்றத்திலை பட்டன் அமத்தின எம்பிக்கு, எங்கடை சங்க விழாவிலை நான் பொன்னாடை போர்க்கோணுமாம்.”

“போர்த்துவிடுங்கோவன் அக்கா. அவர்தானே பிரதம விருந்தினர்,” என்றார் இளையவர்.

“போர்ப்பன். ஆள் நெடுவல், நான் கட்டை. குனிஞ்சுதான் நிக்கோணும். அப்ப மைக்கிலை கேப்பன், என்ரை பிள்ளை கட்டினால் உங்கடை வீட்டுக் கூரை இடியுமோ எண்டு. மறுமொழி வருமட்டும் போர்க்கமாட்டன்.”

“அவர் கோவிச்சால்?”

“வோட்டுக் கேட்டு வாறவர் எங்கை கோவிக்கிறது?”

“அது சரி, மகன்ரை கதை முழுச் சனத்துக்கும் தெரிஞ்சுபோகுமே.”

“தெரியட்டும். வீடு வீடாய்ப் போய்க் கலியாணத்துக்குச் சொல்லுற வேலை மிச்சம்.”