ஒன்பது ஆண்களும் ஒரு வெறுங்குடமும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஞானதுரை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மஜீது பாய் அவர்களே, தண்டையார்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வந்து தரையில் அமர்ந்திருக்கும் தோழர்களே, வாசல் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். வணங்க முடிகிறது. பேச முடியுமா என்றுதான் தெரியவில்லை.

மேடையில் படம் இல்லையே என்று சிலர் கேட்டீர்கள். ஆசிரியை குணசுந்தரி அம்மையார் தம் வாழ்நாளில் ஒரு முறைகூடப் படம் எடுத்துக்கொண்டதில்லை. அவர் அறைக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கும் காத்தூன் பீவி அம்மாள்தான் இந்தப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அம்மையார் தண்ணீர் பிடித்த குடம் இது. மாலையை இதற்குத்தான் போட்டிருக்கிறோம். இதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டிய தண்டனை எனக்கு!

பெண்கள் பள்ளியில் தையலும் சமையலும் சொல்லிக்கொடுத்தவர் அம்மையார். நாற்பத்தொன்பதாம் வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்குக் குடும்பப் பயிற்சி வகுப்பு நடத்த நம் சங்கத்தின் இதே கூடத்தைக் கேட்டு வந்தார். கொடுத்தோம். பலகை எழுதி மாட்டினோம். முதல் வாரம் மூன்று பெண்கள் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவரும் இல்லை. அம்மையார் சும்மா இருப்பாரா? வீடு வீடாகப் போய்க் காரணம் கேட்டார். என் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி அங்கம்மா காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவள். அப்போதுதான் கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற இந்தக் கோதண்டம் என்ன செய்துகொண்டிருந்தேன்? காலை நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

அங்கம்மா சொன்னாள்: “எனக்கு இன்னா கத்துக் குடுக்கப் போறே டீச்சரம்மா? ஆக்கறது, தொவைக்கறது, தண்ணி புடிக்கறது அல்லாம் தெரிஞ்சுதான் கீது. ஒண்ணுந் தெரியாத ஆளு அதோ குந்திகினு கீது பாரு. அதை இட்டுகினு போ!”

வேறு ஒருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அம்மையார் நேரே இங்கே வந்தார். பலகையில் ‘பெண்களுக்கு’ என்றிருந்ததை அழித்தார். ‘ஆண்களுக்கு’ என்று எழுதினார். தோழர்களே, அன்று இந்தத் தெரு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது!

ஆனாலும் ஒன்பது பேர் சேர்ந்தோம். வெட்கத்தோடு சேர்ந்தோம். முதல் நாளே நாங்கள் வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? கதவைச் சாத்த வேண்டும். சாத்தினார். ஜன்னலையும் சாத்துங்கள் என்றோம். “அடுப்புப் புகையில மூச்சு முட்டிச் சாவீங்கடா!” என்று திட்டிக்கொண்டே அதையும் சாத்தினார். கண்ணெரிந்து, இருமி, மூக்கைச் சிந்திக்கொண்டு நாங்கள் கற்ற முதல் பாடம், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி காய்ச்சுவது. அதற்குப் பிறகுதான் ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, கிழிந்த சட்டையைத் தைப்பது எல்லாம்.

கற்றோமா? கற்றோம்! செய்தோமா? அதுவும் செய்தோம், வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு. நான் அங்கம்மாவின் புடவையைத் துவைப்பேன். வெளியே கொடியில் போட மட்டும் கை வராது. அறைக்குள்ளேயே கட்டிக் காயவைப்பேன். இரண்டு நாளானாலும் காயாமல் நாறும். “வெளியில போட்டா வெயிலு கடிச்சிடுமா?” என்று கேட்பாள். ஒன்பது பேரில் ஒருவர், மேடையில் இருக்கும் மஜீது பாய் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தைக் கோணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வருவார். “இன்னா பாய், மூட்டை ஒழுகுது?” என்று டீக்கடையில் கேட்பார்கள். பாய் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.

குழாயடியில் ஆண்பிள்ளை குடத்தோடு நின்றால் மானம் போய்விடும் என்பது நம் தெருவின் சட்டம். யார் போட்டது? எப்போது போட்டது? எனக்குத் தெரியாது. நான்கு வருடம் அம்மையார் அந்தச் சட்டத்தோடு சண்டை போட்டார். “கத்துகிட்டதைத் தெருவுல செய்யுங்கடா. அப்பதான் பக்கத்து வூட்டுக்காரன் செய்வான்” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும் தலையை ஆட்டினோம்.

இனிச் சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்லலாமா என்று தலைவரைக் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லிவிடுகிறேன்.

அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது பேரும் சேர்ந்து பார்க்கப் போனோம். ஆளுக்கொரு கையில் ஆரஞ்சுப் பழம், பன் ரொட்டி. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தோம். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “கொஞ்சம் கஞ்சி இருந்தா தேவலை” என்றார்.

அடுப்பு இருந்தது. விறகு இருந்தது. டப்பாவில் அரிசி இருந்தது. இந்தக் குடம் மட்டும் காலியாக இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக் கிணற்றுக்குப் போக வேண்டும். முற்றத்தில் நான்கு ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் மஜீது பாயைப் பார்த்தேன். பாய் எங்களோடு படித்த தேசப்பனைப் பார்த்தார். தேசப்பன் தரையைப் பார்த்தான். கஞ்சி காய்ச்சத் தெரிந்த ஒன்பது பேர், ஐயா! இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்! ஆரஞ்சை உரித்துக் கொடுத்தோம். அவரால் விழுங்க முடியவில்லை.

அரிசி மண்டியில் புடைக்கிற வேலை முடிந்து காத்தூன் பீவி அம்மாள் வந்தார். எங்களைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். “ஒம்போது ஆம்பளைங்க குந்திகினு கீறீங்க. வூட்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லியா?” என்று கேட்டுவிட்டு, வேலைத் துணியைக்கூட மாற்றாமல் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அவர் காய்ச்சிய கஞ்சியில் அம்மையார் இரண்டு கரண்டி குடித்தார். நாங்கள் எழுந்தபோது என்னைக் கிட்டே வரச் சொன்னார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நான் இன்று நிம்மதியாக இருப்பேன். அவர் சிரித்தார். “கதவைச் சாத்த மறந்துட்டேன் கோதண்டம். தப்பு எம்மேலதான்” என்றார்.

புதன்கிழமை போய்விட்டார்.

குடற்காய்ச்சல், முற்றிவிட்டது, கஞ்சி கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். சரி. டாக்டர் படித்தவர். ஆனால் ஒரு மனுஷி கஞ்சி கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை. இதற்கு எந்த டாக்டர் மருந்து தருவார்?

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி சொல்ல வேண்டும். அம்மையாரின் பணியைத் தொடர்ந்து நடத்துவோம் என்று எழுதிய தீர்மானம் தலைவர் கையில் இருக்கிறது. யார் நடத்துவது? அவரிடம் நான்கு வருடம் படித்த எங்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சொன்னேனே! அந்தத் தீர்மானத்தை ஆதரித்துப் பேச எனக்கு நா எழவில்லை, கைதூக்கவும் மனம் வரவில்லை. வழி தெரியாமல் நிற்கிறேன், தாய்மார்களே.

தாய்மார்கள் ஏன் கிளம்புகிறீர்கள்? ஓ, மணி ஐந்தாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அவருடைய இரங்கல் கூட்டத்திலேயே கடைசிவரை நிற்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாங்கள் மட்டும் உட்கார்ந்து தீர்மானம் நிறைவேற்றுவோம், இல்லையா?

அங்கம்மா, நீ போகாதே. நில். அங்கிருந்தே வேண்டாம் என்று தலையாட்டுகிறாள், பாருங்கள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். இதோ, மாலையைக் கழற்றிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டேன். இந்தக் குடத்தோடு குழாயடிவரை போய்ச் சேருவேனா, டீக்கடை முனையிலேயே திரும்பி வந்துவிடுவேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை நீங்கள் படியுங்கள். வருகிறவர்கள் என்னோடு வரட்டும். ஒருவரும் வராவிட்டாலும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் போன பிறகு கதவைச் சாத்தாதீர்கள்.