முழுச் சூடு

டீ ஆறிப்போகிறது இன்ஸ்பெக்டர் சார், குடித்துவிடுங்கள். சூடு வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. தொழில் அப்படி.

எங்கள் மின்நிலையத்தில் இரண்டு பகுதிகள். முதலாவது எரிபொருள் மின்கலம். எழுநூறு, எண்ணூறு டிகிரியில், வாயுவை எரிக்காமலேயே மின்சாரமாக்கும். அது என் மனைவியின் தம்பி பொறுப்பில். அது வெளியே தள்ளும் சூட்டில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றி, இன்னும் கொஞ்சம் மின்சாரம் எடுப்பது இரண்டாவது. அது நான் வடிவமைத்தது.

"நான் சமைக்கிறேன், மாமா பாத்திரம் கழுவுறாரு" என்பான் கேன்டீனில், எல்லோர் முன்னாலும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சூடு புகைபோக்கிக்குப் போவதா, என் பாய்லருக்கு வருவதா என்பது ஒரு தடுப்புத் தகட்டின் கையில். அதைப் பாதிக்கு மேல் என் பக்கம் திருப்ப அவன் விட்டதே இல்லை.

"உங்க பக்கம் அடைப்பு இருக்கு மாமா. அழுத்தம் திரும்பி வந்தா என் கலமெல்லாம் விரிசல் விட்டுடும்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பாதிச் சூட்டைக் கொடுத்துவிட்டு, மின்சாரம் போதவில்லை என்று முதலாளியிடம் சொன்னவனும் அவனே. என் பகுதியைக் கழற்றிவிட முடிவாயிற்று.

அடைப்பை நிரூபித்துக் காட்ட, சூட்டைப் புகைபோக்கிக்குத் திருப்பிவிட்டு, பாய்லர் ஆறியதும் அவனே உள்ளே நுழைந்தான். உள்ளே ஆள் இருந்தால் வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். நான் நின்றேன்.

"மாமா, கை வச்சா கசடு அள்ளிக்கிட்டு வருது. அப்பவே சொன்னேன்ல?" உள்ளிருந்து சிரித்தான்.

அவன் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் முழுச் சூடு கொடுத்தால் எவ்வளவு வரும் என்று ஒருவரும் ஒரு முறைகூடப் பார்க்கவில்லையே.

ஆள் நுழையும் கதவைச் சாத்தித் தாழிட்டேன். திறந்திருந்தால் சூடு வெளியே போய்விடும். பிறகு தகட்டை முழுதாகப் பாய்லர் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. நான் மின்சார மீட்டரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நான் வாக்குக் கொடுத்த அளவையும் தாண்டிப்போய் நின்றது முள்.

மனைவி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வருத்தம் இருக்கும்.

விபத்து நடந்த நாளின் அளவு செல்லாது என்கிறாராம் முதலாளி. விபத்து என்று யார் சொன்னது? அவன் உள்ளே இருப்பது தெரிந்துதான் திருப்பினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள் சார். கூடவே மீட்டர் காட்டிய அளவையும் எழுதிக்கொள்ளுங்கள்.