நாவுலயில் பதினோரு பேர்

— அப்ப அந்த நாவுலக்காரி யாரு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.

— ஒருத்தியும் இல்ல. நாவுல டவுனுக்கு மிளகு பாக்கப் போறேன்னு எத்தின தரம் சொல்றது? செருப்பக் குடு ஸைனம்பு, பஸ் போயிரும்.

— ஞாயித்துக்கிழம தவறாம மிளகு பாக்கப் போறீங்க. அஞ்சு மாசத்துல ஒரு சாக்கு மிளகு நம்மட கடைக்கு வந்திச்சா?

— வெல சரிவரல்ல.

— வெல சரிவரல்லயாம்! மிளகு பாக்குற மனுசனுக்கு எதுக்கு அயன் பண்ணின சேட்டு? என்ட தங்கச்சி கலியாணத்துக்கே கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒங்கள சவரம் பண்ண வெச்சேன். வழமையா ஒம்பது மணி பஸ். இன்னைக்கு ஏழரைக்கே குளிச்சு வாசல்ல நிக்கிறீங்க. அப்படி என்ன அவசரம்?

— சும்மா இரு புள்ள, காலங்காத்தால.

— இருக்க மாட்டேன். இருவத்திரெண்டு வருஷமா ஒங்களுக்கு ஆக்கிப் போட்டவ நானு. ஷிரானின்னு ஒருத்தி இருக்காளா இல்லயா? பேரச் சொன்னதும் மொகம் போற போக்கப் பாருங்க!

— அந்தப் பேர ஒனக்கு யாரு சொன்னது?

— அத விடுங்க. இருக்காளா?

— இருக்கா.

— என்ன?

— இருக்கான்னுதான் சொல்றேன். அவளப் பாக்கத்தான் போறேன். அப்படியே வெச்சுக்க. இப்ப செருப்பக் குடு.

— அல்லாவே! இந்த மனுசன் இதுக்கும் ஆமாங்குறாரே! பொண்டாட்டிக்கிட்ட உண்மயச் சொல்ல வெக்கப்பட்டு, வேற பொண்ணு இருக்கான்னு பொய் சொல்ற மனுசன இப்பத்தான் பாக்குறேன்.

— என்ன பொய்?

— போன ஞாயிறு நானும் வந்தேன். ஒங்களுக்கு அடுத்த பஸ்ல. ஒங்க சேட்டுப் பையில ஒரு கடதாசித் துண்டு கெடந்திச்சு. ஷிரானின்னு பேரு, நம்பரு, நாவுல சேர்ச் மண்டபம்னு எடமும் எழுதி இருந்திச்சு. அவட ரெண்டு கன்னத்துலயும் அறைஞ்சிட்டு வரணும்னுதான் வந்தேன். ஜன்னலால பாத்தா, வட்டமா கதிர போட்டு, ஒங்களத் தவிர அவளோட சேத்து பதினோரு பேர் இருக்காங்க. அவ எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துறா. நீங்க எழும்பி நிக்கிறீங்க.

— நிப்பாட்டு ஸைனம்பு.

— சிங்களத்துல சொன்னீங்க. என்ட பேரு ஸக்கரியா, நான் ஒரு குடிகாரன்னு.

— கேட்டியா?

— ஒவ்வொரு சொல்லும் கேட்டேன். கடையில ஏலக்கா சாக்குக்குள்ள போத்தல ஒளிச்சதச் சொன்னீங்க. நோன்பு காலத்துலயும் குடிச்சதச் சொன்னீங்க. சொல்லிட்டு அழுதீங்க. ஒங்க உம்மா மௌத்தான அன்னைக்குக் கூட ஒங்க கண்ணுல தண்ணி வரல்ல. அவ லேஞ்சி குடுத்தா, நீங்க வாங்கி மொகத்தத் தொடச்சீங்க. எனக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சிச்சு.

— பாவம் அந்தப் புள்ள. அதுட புருசன் குடிச்சே செத்தவன். மண்டபத்தத் தொறக்குற சாவியும் அதுட கையிலதான். மருந்துக்கட ரொஹான்தான் அந்தத் துண்ட எழுதித் தந்தான். கிட்ட மாத்தளையிலயும் இப்படிக் குடிய விடுறவங்கட கூட்டம் இருக்காம். நம்ம பள்ளிவாசல்காரங்க யாராச்சும் கண்டா மானம் போயிருமேன்னுதான் அவ்வளவு தூரம் போறேன்.

— அவ மேல மட்டும் இல்ல. அந்தப் பதினோரு பேர் மேலயும் எனக்கு எரிச்சல். மொட்டத்தலக் கெழவன் ஒருத்தன், கொண்டக்டர் பை மாட்டின பொடியன் ஒருத்தன். அவனுக்கெல்லாம் என்ட புருசனத் தெரியும். எனக்குத் தெரியாது.

— ஒனக்கு எப்படிச் சொல்றது புள்ள? ஹராமான காரியம். ஒன்ட வாப்பா பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினாரா இருந்த மனுசன். அந்தக் கூட்டத்துல சொன்னா, அடுத்த ஞாயிறு வரைக்கும் அவங்க மொகத்துல முழிக்கத் தேவயில்ல. ஒனக்குச் சொன்னா, நீ சோறு வெக்கிற ஒவ்வொரு தரமும் ஒன்ட மொகத்தப் பாக்கணும். வேற பொண்ணுன்னா நீ ஏசுவே, அழுவே. இதக் கேட்டா என்னயக் கண்டாலே ஒனக்கு அருவருப்பாப் போயிரும்.

— ஒம்பது வருஷமா தெரியும்.

— என்னது?

— சேட்டுத் தோய்க்கிறவளுக்குத் தெரியாதா? கராம்பு மென்னா அந்த நாத்தம் போயிருமா? ஒங்க கூடப்பொறந்த நாநா வந்தப்ப ஒங்களுக்குக் காய்ச்சல்னு கதவச் சாத்தினது யாரு? நம்மட மக அம்றாவப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, வாப்பா லக்கல ஊருக்குப் போய் பஸ் இல்லாம நிக்கிறாருன்னு பொய் சொன்னது யாரு? நீங்க உள்ளறையில கெடந்தீங்க.

— தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல்ல?

— கேட்டா இல்லன்னுவீங்க. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். எப்ப சொன்னாலும் மொதல்ல எனக்குத்தான் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க நாவுலயில போய்ச் சொல்லிட்டு வாறீங்க. இப்ப நான் பன்னெண்டாவது ஆள்.

— அவங்க இல்லாட்டி அஞ்சு மாசம் நான் குடியத் தொடாம இருந்திருக்க மாட்டேன். வல்லாஹி, அல்லா மேல சத்தியம்.

— அது எனக்கு சந்தோஷம் இல்லன்னா சொல்றேன்? பொறாமையா இருக்குன்னு சொல்றேன். ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயத்த, அவங்களுக்கு முந்தி எனக்குச் சொல்லிப் பாருங்களேன். வேற ஒண்ணும் வேணாம். இந்தாங்க செருப்பு. போங்க.

— இந்தா, செருப்ப நீயே வெச்சுக்க.

— ஏன் அப்படியே நிக்கிறீங்க? பஸ்காரன் ஹோன் அடிக்கிறான்.

— போகட்டும். நீ இப்படி வந்து குந்து.

— என்னத்துக்கு?

— நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு கடையில குடிச்சேன், ஸைனம்பு. அத இன்னம் அங்க ஒருத்தருக்கும் சொல்லல்ல.