தலைவர் வருகிற கல்யாணம்

விருத்தாசலத்தில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர், அறுபது வயதிருக்கும். ஒருவர் சட்டையெல்லாம் பீங்கான் கம்பெனியின் வெள்ளைத் தூசி. மற்றவர் கட்சிக்கரை வேட்டி. அடுத்தவர் பேச்சில் வாய் வைக்கிறவள் நானில்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

"அரசியல் படம்னா அதுல ஒரு கல்யாணம் இருக்கணும் மச்சான்," என்றார் கரைவேட்டி.

"எலக்‌ஷன் இருக்கணும்பாங்க, வெட்டுக்குத்து இருக்கணும்பாங்க. நீ என்னடான்னா கல்யாணங்கிற," என்றார் தூசிச் சட்டை.

"தொண்டன் கல்யாணத்துக்குத் தலைவரு வந்து தாலி எடுத்துக் குடுப்பாரு பாரு, அந்தப் படந்தான் படம்."

"படத்துலதான் வருவாரு. உனக்குத் தேதி குடுத்தாரா?"

"வரேன்னுதான் சொன்னாரு. பொண்ணு வூட்டுல பொறுக்கல."

"மூணு தை பொறுத்தாங்களேப்பா. அப்புறமாச்சும் வேற பொண்ணு பாத்திருக்கலாம் நீ."

"அவரு தேதி குடுக்கட்டும்னு இருந்துட்டேன்."

"இப்ப அவரே போய்ச் சேந்துட்டாரு."

கரைவேட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கிளம்பியது. தூசிச் சட்டைக்காரர் தன் ஊர் வந்ததும் எழுந்து, போகாமல் நின்றார்.

"எறங்கு மச்சான். உன் தங்கச்சி மீன்கொழம்பு வெச்சிருக்குது. சாப்பிட்டுப் போவலாம்."

"இன்னொரு நாளு வரேன். சாயங்காலம் டிவில அந்தப் படம் போடுறான்."

"எத்தினி தடவதான் முழுசா பாப்ப?"

"முழுசா எங்க பாக்குறேன்? தாலி கட்டி முடிஞ்சதும் அமத்திடுவேன்."