ஆளுக்கு ஆள்

கூடைப்பந்தை நான் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை, காலிதீன் காக்கா. உங்கள் தம்பி நிஸாமும் தொட்டதில்லை. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கழகத்தின் மனேஜர்கள். என் அணியில் ஏழடி உயரத்தில் ஒரு லித்துவேனியாக்காரன் இருந்தான். லித்துவேனியா எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நீங்கள் கட்டாரில் உழைத்துக்கொண்டிருந்ததால் இந்த விளையாட்டைக் கண்டிருக்க மாட்டீர்கள். எல்லாம் இன்டர்நெட்டில். பந்தும் இல்லை, வியர்வையும் இல்லை. எப்படித் தாக்குவது, எப்படித் தடுப்பது என்று முன்கூட்டியே தெரிவு செய்துவிட வேண்டும். மிச்சத்தை எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். தடுப்பதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஆளுக்கு ஆள் என்றால், ஒவ்வொருவனும் எதிரணியில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு அவன் போகிற இடமெல்லாம் பின்னால் போவான். ஸோன் என்றால், ஆளை விட்டுவிட்டுத் தனக்குத் தந்த துண்டு நிலத்தைக் காப்பான். சோதனைச் சாவடிகளோடு வளர்ந்த எங்களுக்கு இரண்டுமே உடனே விளங்கிவிட்டன.

நிஸாம் எப்போதும் ஆளுக்கு ஆள்தான். என் நெட்டையன் உள்ளே புகுந்து போட்டுக்கொண்டே இருப்பான், நான் வெல்வேன். வேறு எதில் நான் அவனை வென்றேன்? படிப்பிலும் அவன்தான் முன், புட்போலிலும் அவன்தான் முன். பஸ்னாவின் வீட்டில் முதலில் மாப்பிள்ளை கதைத்தது எனக்குத்தான் என்பது உங்களுக்கும் தெரியும். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நிஸாமுக்கும் அவளுக்கும் நடந்த கலியாணத்தில் சாப்பாட்டுச் சஹன் தூக்கியதே நான்தான்.

கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம் வந்தது. அதற்கு முதல் நாள் அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். நிஸாம் சிரித்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், நாளைக்கு ஸோன் போடப்போறன். ஒண்ட நெட்டையன் உள்ளுக்கு வந்து மூச்சும் உட ஏலாது."

"போடன். ஆரு வேணாமெண்ட?" என்றேன்.

"காலையில ஒண்ட கடைக்கித்தான் வருவன். எனக்கு ஒரு கம்ப்யூட்டர ஒதுக்கி வை."

காலை ஒன்பது மணிக்கு ஆட்டம் பூட்டிவிடும். அதற்குள் மாற்றாவிட்டால் பழைய தடுப்பே நிற்கும். மெயின் றோட்டு நெட் கபேயின் சாவி என்னிடம்தானே, திறக்காமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நெட் கபே இருந்தது. நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா லீவு. பஸ்னா விடியச் சுபஹுத் தொழுகையோடு தன் உம்மா ஸைனம்புவையும் கூட்டிக்கொண்டு வரிப்பத்தான்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கடைக்குப் போகிற வழியில் கடற்கரைப் பக்கம் திரும்பி அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்கதவு சும்மா சாத்திக் கிடந்தது. அறைக்குள் அவனுடைய குறட்டை. அந்த அறைக்கு ஒரே கதவு, ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. கதவின் வெளிப்பக்கம் ஒரு கொளுக்கி இருந்தது. ஆடு வந்து மெத்தையில் ஏறுகிறது என்று பஸ்னா வெளியே போகும்போதெல்லாம் அதைக் கொழுவிவிட்டுப் போவாள். அன்றைக்குப் புருஷன் உள்ளே படுத்திருந்ததால் கொழுவவில்லை.

நான் கொழுவினேன்.

அந்தச் சத்தத்தில் அவன் விழித்துவிட்டான். "ஆரு? பஸ்னாவா?" என்றான். நான் மெல்ல வெளியே வந்து கடைக்குப் போனேன். ஆட்டம் பூட்டிய பிறகு வந்து திறந்துவிட்டிருப்பேன். அவன் இரண்டு வார்த்தை ஏசியிருப்பான், நான் பராட்டா வாங்கிக் கொடுத்திருப்பேன். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று நியாயமான எவருக்கும் விளங்கும்.

ஒன்பது மணிக்கு முந்தியே கடல் வந்துவிட்டது.

சனம் அலறிக்கொண்டு மெயின் றோட்டுக்கு ஓடிவந்தது. கடலை நோக்கி ஓடியவர்களும் இருந்தார்கள், பிள்ளைகளைத் தேடி. அவர்கள் திரும்பி வரவில்லை. நான் கடை மேல்மாடியில் நின்றேன். ஒருவனாவது புத்தியோடு இருக்க வேண்டும் அல்லவா?

தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து வீட்டு மஜீட் காக்காவும் நானும்தான் போனோம். மதில் இல்லை, குசினி இல்லை, அந்த அறை மட்டும் நாலு சுவரோடு நின்றது. மஜீட் காக்கா கதவைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"யா அல்லாஹ், இத ஆரு வெளியால கொழுவின?"

பின்னேரம் பஸ்னா வந்து சேர்ந்தாள். முகாமாகிப்போன பள்ளிக்கூட விறாந்தையில் வைத்து மஜீட் காக்கா விஷயத்தைச் சொன்னார். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாந்தான்," என்றாள். "கைப்பழக்கத்துல கொழுவிட்டுப் பெய்த்தன். நாந்தான்."

நான் பொய் சொல்லவில்லை, காக்கா. அவள் சொன்னாள், நான் மறுக்கவில்லை. அழுகிற பெண்ணோடு வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை.

கரண்ட் வந்து, லைன் வந்து, கடையைத் திறந்தபோது பார்த்தேன். எங்கோ இருக்கிற அந்தக் கம்ப்யூட்டருக்குக் கடல் பெருகிய சேதி போகவில்லை. ஆட்டத்தைச் சொன்ன நேரத்துக்கே நடத்தி முடித்திருந்தது. நிஸாம் ஆளுக்கு ஆள். கிண்ணம் எனக்கு.

பிறகு மனதை ஆற்றுவதற்கென்று ஒரு நிறுவனம் வந்தது. முகாமில் பெண்களுக்குக் கலர் பென்சில் கொடுத்து, மனதில் உள்ளதை வரையச் சொன்னார்கள். எல்லாரும் அலை வரைந்தார்கள். பஸ்னா ஒரு கதவு வரைந்தாள். நல்ல வடிவாக இருக்கிறது என்று அவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஸைனம்பு மாமியே என்னைத் தேடி வந்தார். "மகன், அவள ஆரும் கேக்கிறாங்கில்ல. புருசன மௌத்தாக்கினவளாம் எண்டு ஊர் கதைக்கிது." எனக்கு மனது கேட்கவில்லை. அவளைக் கலியாணம் முடித்தேன். விதவைக்கு வாழ்வு கொடுத்தவன் என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. நான் தடுக்கவில்லை. ஊரின் வாயைத் தடுக்க யாரால் ஏலும்?

இப்போது யுத்தமும் முடிந்து, றோட்டிலே வெடி கொளுத்தி, பாற்சோறும் கொடுத்தாகிவிட்டது. நீங்களும் கட்டாரை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டீர்கள். நேற்று பஸ்னா உங்கள் முன்னால் அழுது மாப்புக் கேட்டாள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பிப் போனீர்கள். அது சரியில்லை. அதனால்தான் உங்களைத் தனியே கூப்பிட்டு இதையெல்லாம் சொல்கிறேன்.

அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். தொழுகைப் பாயில் அழுது அழுது இப்போதுதான் ஒரு மாதிரி அமைதியாகியிருக்கிறாள், அதைக் குலைப்பது பாவம். "எல்லாம் தெரிஞ்சும் என்ன முடிச்சீங்களே, ஒங்களப் போல ஒரு மனிசன் துனியாவுல இல்ல," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்.

நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன், காக்கா. நீங்களும் மன்னித்துவிடுங்கள்.